சொந்தக் காப்பீடு எந்தத் தாதிக்குத் தேவை?

தஞ்சோங் காராங் மருத்துவமனையில் வேலை பார்க்கும் அரசாங்கத் தாதி, பெஸ்தாரி ஜெயாவில் தனியார் கிளினிக்கில் இருக்கும் தாதி, ஓய்வு பெற்ற பிறகும் தோட்டத்து வீடுகளுக்குப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டும் மிஸ்ஸி. மூவருக்கும் ஒரே கேள்விதான்: வேலையில் ஏதாவது தவறு நேர்ந்து வழக்கு வந்தால் என்ன செய்வது, அதற்கான காப்பீட்டை நாமே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமா? பதில் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

மலேசியாவில் டாக்டர்கள் ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது காப்பீடு இருப்பதைக் காட்டியாக வேண்டும். தாதியர் சட்டம் 1950 தாதிகளிடம் அப்படிக் கேட்பதில்லை. பிரிட்டனில் 2014 முதல் அது தாதிகளுக்கும் கட்டாயம். அங்கே வேலைக்குப் போக நினைப்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இங்கே முடிவு உங்களுடையது.

அரசாங்கத் தாதியிலிருந்து தொடங்கலாம். அரசாங்க ஊழியர் பணியின்போது செய்த தவறுக்கு, 1956ஆம் ஆண்டின் அரசாங்க வழக்குகள் சட்டத்தின்படி அரசாங்கமே பொறுப்பேற்கும். வழக்கில் உங்கள் பெயர் இருந்தாலும் இழப்பீட்டுக்காக நோயாளியின் குடும்பம் பார்ப்பது அரசாங்கத்தைத்தான். அதனால் தஞ்சோங் காராங்கிலோ, சபாக் பெர்ணத்தின் தெங்கு அம்புவான் ஜெமாஆ மருத்துவமனையிலோ, கிளினிக் டேசாவிலோ மட்டும் வேலை செய்பவர் இழப்பீட்டுக்கென்று தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டு ஓட்டைகள் மட்டும் உண்டு. ஒன்று, 1993ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி வரும் விசாரணையும் தாதியர் வாரியத்தின் விசாரணையும். அங்கே உங்கள் வேலையும் பதிவும்தான் பணயம், வக்கீல் செலவு உங்கள் தலையில். இன்னொன்று, விடுமுறை நாளில் தனியார் இடத்தில் பார்க்கும் பகுதிநேர வேலை. அதற்கு இலாகாவின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் அரசாங்கத்தின் குடை அங்கே உங்களோடு வராது.

தனியார் இடத்துத் தாதிகளிடம் "ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும்" என்ற நம்பிக்கை பலமாக இருக்கிறது. பாதி உண்மைதான். ஊழியரின் தவறுக்கு முதலாளி பொறுப்பு. நோயாளியின் பாதுகாப்புக்கான கடமையைத் தனியார் மருத்துவமனை வேறொருவர் மீது தள்ளிவிட்டுத் தப்ப முடியாது என்று 2024இல் கூட்டரசு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் நோயாளிக்குப் பணம் கொடுத்ததோடு கதை முடிந்துவிடுவதில்லை. இங்கிலாந்தில் லிஸ்டர் என்ற லாரி ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, கூட வேலை செய்த சொந்த அப்பாவையே இடித்துவிட்டார். கம்பெனி அப்பாவுக்கு இழப்பீடு கொடுத்தது. பிறகு கம்பெனியின் காப்பீட்டு நிறுவனம் அந்தப் பணத்தை மகனிடமே கேட்டு வழக்குப் போட்டு ஜெயித்தது. அந்தச் சட்டம் நமக்கும் அந்நியமில்லை: நம் சிவில் சட்டம் 1956இன் 10ஆம் பிரிவு, தவறில் பங்குள்ளவரிடமிருந்து பங்குத் தொகை கேட்க இடம் தருகிறது.

ஆகவே மனிதவளப் பிரிவில் வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள். பாலிசியில் தாதிகளும் காப்பீடு பெற்றவர்களாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா? ஊழியரிடமிருந்து திரும்ப வசூலிப்பதில்லை என்ற வாசகம் இருக்கிறதா? வேலையை விட்ட பிறகு பழைய சம்பவத்துக்கு வழக்கு வந்தால் அது உங்களைக் காக்குமா? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் தனிப் பாலிசி அவசரமில்லை. மழுப்பினால் எடுத்துவிடுங்கள். ஏஜென்சி வழியாக வருபவர்கள், நாள்கூலிக்கு வருபவர்கள் மழுப்பலுக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

எனக்குக் கவலை அதிகம் அந்த மூன்றாமவரைப் பற்றித்தான். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாகத் தொடங்கிய தென்னமரம் இருக்கும் பெஸ்தாரி ஜெயா வட்டாரம் இது. தோட்டத்தில் வைத்தியம் பார்த்த டிரெஸ்ஸர்களைப் பதிவு செய்ய 1965இல் ஒரு சட்டமே வந்தது. டிரெஸ்ஸரின் பின்னால் தோட்ட நிர்வாகம் நின்றது. இன்று பல தோட்டங்கள் கைமாறித் துண்டாகிவிட்டன. பிள்ளைகள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். நீரிழிவுப் புண்ணோடு தாத்தா பாட்டிகள் மட்டும் இங்கே இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மிஸ்ஸிதான் டியூப் மாற்றுகிறார், இன்சுலின் போடுகிறார். காசு வாங்காமல் செய்தாலும் கவனமாகச் செய்யும் கடமை சட்டத்தில் உண்டு. அவர் பின்னால் முதலாளி இல்லை, அரசாங்கம் இல்லை. சொந்தப் பாலிசி கட்டாயம் தேவைப்படுவது இவருக்குத்தான். அதற்கு முன் ஆண்டுச் சான்றிதழ் நடப்பில் இருக்க வேண்டும். டாக்டரின் எழுத்து உத்தரவு இல்லாமல் ஊசி போடுவதை நிறுத்த வேண்டும். இவை இல்லாவிட்டால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிட வழி இருக்கிறது.

பாலிசியைத் தேர்ந்தெடுக்கும்போது பிரீமியத்தை விட முதலில் பார்க்க வேண்டியது அதன் வகை. ஒரு வகை, சம்பவம் நடந்த நாளில் பாலிசி இருந்தால் போதும். வழக்கு எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் பொறுப்பேற்கும். இன்னொரு வகை, கோரிக்கை வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். இரண்டாவது வகைக்கு ஆரம்பத்தில் பணம் குறைவாகத் தெரியலாம். ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலவரையறைச் சட்டம் 1953இன்படி சாதாரணமாக 6 ஆண்டு. பாதிக்கப்பட்டது பச்சைக் குழந்தை என்றால், அந்த 6 ஆண்டு அதற்கு 18 வயது நிறைந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். தனியார் பிரசவ அறையில் நேர்ந்த தவறுக்கு 24 வயது வரை வழக்குப் போடலாம். நீங்கள் ஓய்வு பெற்றுப் பாலிசியையும் நிறுத்தியிருப்பீர்கள். இரண்டாவது வகையை எடுத்தால் ஓய்வுக்குப் பின்னும் தொடரும் நீட்டிப்பு உண்டா, அதற்கு எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள். எந்தத் தேதிக்குப் பிந்தைய சம்பவங்களை அது ஏற்கும் என்பதையும் பாருங்கள்.

வக்கீல் செலவு காப்பீட்டுத் தொகைக்குள் அடக்கமா, தனியா என்பதும் முக்கியம். அடக்கம் என்றால், நீண்ட வழக்கு இழப்பீட்டுக்கு வைத்த பணத்தையே தின்றுவிடும். வாரிய விசாரணைக்கும், குற்றவியல் சட்டத்தின் 304ஏ பிரிவில் கவனக்குறைவால் மரணம் என்று போலீஸ் வழக்கு வந்தால் அதற்கும் வக்கீல் கிடைப்பாரா என்று கேளுங்கள். தீர்ப்பாகும் அபராதத்தையோ சிறையையோ எந்தப் பாலிசியும் சுமக்காது.

தவறு நேர்ந்த அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். வக்கீல் கடிதம் வரட்டும் என்று காத்திருந்தால் தாமதத்தையே காரணம் காட்டி மறுக்கலாம். நடந்ததை நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதுங்கள், எழுதியதைப் பிறகு திருத்தாதீர்கள். நியமனக் கடிதம், பணி அட்டவணை, காலாவதியான பாலிசிகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.