சில நேரம் சுற்றும், சில நேரம் நிற்கும்: வாஷிங் மெஷினில் எதைப் பார்ப்பது?

லுணுகலை, மடுல்சீமை, பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் ஐப்பசி பிறந்தால் தை முடியும்வரை மழையும் மூடுபனியும்தான். மலையிலிருந்து நனைந்து வருகிறவர்களின் உடுப்பும், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையும் இஸ்தோப்புக் கொடியில் இரண்டு மூன்று நாள் கிடந்தாலும் காய்வதில்லை. இதற்காகவே பல குடும்பங்கள் மாதாமாதம் தவணை கட்டி வாஷிங் மெஷின் எடுத்திருக்கின்றன. அந்த மெஷின் துவைத்துவிட்டுப் பிழியாமல் நின்றுவிட்டால் வாங்கிய பயனில் பாதி போய்விடும்.

“ஒரு நாள் சுத்துது, ஒரு நாள் சுத்த மாட்டேங்குது. மோட்டர் போயிருச்சா?” என்று பலர் எம்மிடம் கேட்கிறார்கள். மோட்டர் அடியோடு எரிந்துபோனால் ஒரு நாளும் சுற்றாது. விட்டு விட்டுச் சுற்றுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில்தான் இருக்கும். எனவே பாஸைக் கூப்பிடுவதற்கு முன்னால் அது எந்த நேரத்தில், எப்படி நிற்கிறது என்று கவனிக்க வேண்டும்.

முதலில் பாதுகாப்பு

மெஷினுக்குள் கை வைப்பதற்கு முன் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிளக்கையே கழற்றிவிடுங்கள். ஈரக் கையோடும் ஈரத் தரையில் வெறுங்காலோடும் பிளக்கைத் தொடாதீர்கள். மெஷினின் தகரத்தில் கை பட்டதும் சுள்ளென்று அடித்தாலோ, வீட்டு டிரிப் சுவிட்ச் விழுந்தாலோ அதைப் பிறகு பாவிக்கவே கூடாது. எர்த் வயரையும் வயர்மேனைக் கொண்டு பார்ப்பிக்க வேண்டும்.

எப்போது நிற்கிறது?

1. காலையில் சுற்றி, பொழுது பட்டதும் நின்றால்: இது வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். எமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மாலையில் லயம் முழுவதும் ரைஸ் குக்கர், டீவி, பல்பு என்று போடும்போது வோல்டேஜ் இறங்குகிறது. 180 வோல்ட்டுக்கு இறங்கினால் மோட்டர் கிளம்பும் பலம் 100க்கு சுமார் 61 பங்காகிவிடும். அப்போது ஈரத்துணியின் பாரத்தை அதனால் இழுக்க முடியாது. மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டினாலும் இப்படித்தான். மெஷினை நேரே சுவர் பிளக்கில் மாட்டி, பகலில் துவைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பல்புகளும் மங்கினால் தோட்டக் காரியாலயத்தில் சொல்லுங்கள்.

2. கம்பளி, போர்வை போட்டால் மட்டும் நின்றால்: துணி ஒரு பக்கமாகச் சேர்ந்து தொட்டி ஆடுகிறது. இரட்டைத் தொட்டி மெஷின்களில் பிழியும் தொட்டி நிமிடத்துக்கு 1300 தடவை அளவில் சுற்றும். அந்த வேகத்தில் ஒரு பக்கப் பாரம் ஏறினால் தொட்டி சுவரில் இடிக்கும். துணியை வட்டமாகப் பரப்பி அமுக்கி, ஓட்டைகள் உள்ள மெல்லிய தட்டை மேலே வையுங்கள். மெஷினின் நான்கு காலும் தரையில் அழுந்தி நிற்க வேண்டும். தரை மேடு பள்ளமாக இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

3. மூடியை அமுக்கினால் சுற்றி, விட்டால் நின்றால்: மூடியின் கீழே உள்ள சிறிய சுவிட்ச் தேய்ந்திருக்கும், அல்லது மூடி கோணலாக உட்கார்ந்திருக்கும். மாற்றுவது சிறிய வேலைதான்.

4. ‘உம்’ என்று சத்தம் மட்டும் வந்தால்: உடனே அணையுங்கள். அப்படியே விட்டால் மோட்டர் சூடாகி உண்மையாகவே எரிந்துவிடும். பிளக்கைக் கழற்றித் தொட்டியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காலுறையோ குழந்தைச் சட்டையோ தொட்டிக்கு வெளியே விழுந்து சிக்கியிருக்கலாம். அல்லது மூடியோடு இணைந்த பிரேக் கம்பி தளர்ந்து, பிரேக் விடாமல் பிடித்திருக்கலாம். இலகுவாகச் சுற்றினால் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். அதை நாமே தொடக் கூடாது.

5. கொஞ்ச நேரம் சுற்றி நின்று, ஆறியபின் மறுபடி சுற்றினால்: மோட்டர் அளவுக்கு மீறிச் சூடாகித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. துணியைக் குறையுங்கள். ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இடையில் ஆறவிடுங்கள். அதன் பிறகும் நின்றால் பாஸ் பார்க்க வேண்டியதுதான்.

6. அடியில் தண்ணீர் தேங்கினால்: கழிவுக் குழாய் மடிந்திருக்கிறதா, நூலும் மண்ணும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைத் தொட்டி மெஷினின் குழாய் தாழ்வாகவே கிடக்க வேண்டும். முழு ஆட்டோமெட்டிக் மெஷின், தண்ணீர் போகாமல் சுற்றவே சுற்றாது. எல்.ஜி. மெஷின்களில் ‘ஓ.ஈ.’ என்று எழுத்து வந்தால் தண்ணீர் போகவில்லை, ‘யூ.ஈ.’ என்றால் துணி ஒரு பக்கமாக இருக்கிறது, ‘டி.ஈ.’ என்றால் மூடி சரியாக மூடவில்லை என்று பொருள்.

ஒருபோதும் செய்யக் கூடாதது

மூடிச் சுவிட்ச் பழுதானால், இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டு “இப்ப சரி” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மெஷின் சுற்றும், உண்மைதான். ஆனால் மூடி திறந்திருந்தாலும் அது சுற்றும். அம்மா மலைக்குப் போன நேரத்தில் வீட்டிலுள்ள பிள்ளை துணி எடுக்கக் கை விட்டால், ஈரத்துணி அந்தக் கையைச் சுற்றி இழுத்துவிடும். கை முறியும், அதைவிட மோசமாகவும் நடக்கும். அந்தச் சுவிட்ச் இருப்பதே பிள்ளைகளின் கையைக் காக்கத்தான். புதிய சுவிட்ச் கிடைக்கும்வரை கையாலேயே பிழிந்து போடுவது மேல். ஏற்கெனவே அப்படி முறுக்கியிருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. வெறும் தொட்டியைச் சுற்றவிட்டு, கையைத் தூர வைத்துக்கொண்டு மூடியைத் திறந்து பாருங்கள். சில விநாடிகளில் தொட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டு, சரி செய்யும்வரை பாவிக்காதீர்கள்.

பாஸிடம் என்ன சொல்வது?

“வேலை செய்யுதில்லை” என்று மட்டும் சொன்னால், எதை மாற்றினாலும் நாம் காசு கொடுக்க வேண்டியதுதான். “பகலில் சுத்துது, ராத்திரி சுத்தல”, “மூடியை அமுக்கினா சுத்துது” என்று சொன்னால் அவரும் நேரே அந்த இடத்தைப் பார்ப்பார். வாரண்டிக் காலம் முடியவில்லை என்றால் வெளியாளைத் திறக்க விடாமல், அட்டையையும் பற்றுச்சீட்டையும் வாங்கிய கடையில் காட்டுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு எவ்வளவு, சாமானுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

வியர்வை சிந்திய காசில் வாங்கிய பொருள் இது. பிளக்கைக் கழற்றுவது, துணியைப் பரப்புவது, குழாயைப் பார்ப்பது ஆகிய மூன்றும் காசில்லாத வேலை. இவற்றை வீட்டிலுள்ள ஆண், பெண் இருபாலாரும் தெரிந்து வைத்திருப்போம்.