கடன் அட்டைப் பாக்கியை ஒரே கடனாக மாற்றுதல்

நெசவாளர், விவசாயிகள் இல்லங்களிலும் இன்று கடன் அட்டை புகுந்துவிட்டது. இரண்டு மூன்று அட்டைகளில் பாக்கி வைத்துக்கொண்டு, ஒன்றை அடைக்க மற்றொன்றில் எடுப்போரும் உளர். இத்தகைய அங்கத்தினர் கணக்கைச் சற்று ஆராய்வோம்.

அட்டைக்குரிய கணக்குத் தாளில் மாதம் 3.5 சதவிகிதம் என்றிருந்தால், நம் ஊர் வழக்கில் அது மூன்றரை வட்டி. ஆண்டுக்கு 42 சதவிகிதம். அவ்வட்டியின்மீது 18 சதவிகிதம் சரக்கு சேவை வரியும் உண்டு. 60,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு மாத வட்டி 2,100, வரி 378, ஆக 2,478 ரூபாய். ‘குறைந்தபட்சத் தொகை’ என்று 3,000 ரூபாய் செலுத்துபவருக்கு அசலில் குறைவது 522 ரூபாயே! அன்றியும், பாக்கி நிற்கும் வரையில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஏறும். கந்துவட்டிக்காரரைக் கண்டு அஞ்சும் நாம், அச்சிட்ட தாளில் வரும் வட்டிக்கு அஞ்சுவதில்லை.

அதே 60,000 ரூபாயை ஆண்டுக்கு 12 சதவிகித வட்டியில், 24 மாதத் தவணையில் பெற்று அட்டைகளை அடைத்தால், மாதத் தவணை சுமார் 2,824 ரூபாய். முன்பு கட்டியதைவிடக் குறைவு. ஈராண்டில் கடனும் தீரும்.

இக்கடனை எங்கே பெறுவது? குடும்பத்தில் எவரேனும் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்க அங்கத்தினராயின் அங்கு முதலில் விசாரிக்கலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக்கடன் கிடைக்கும். ஆனால் அட்டைக் கடனுக்கு ஈடு இல்லை. நகைக்கடனில் தவணை தவறினால் நகை ஏலத்திற்குப் போகும். மாத வருமானம் உறுதியில்லாதோர் இதை எண்ணிப் பார்த்தே அடகு வைக்க வேண்டும். பயிர்க்கடனையோ, நெசவுக்கென வாங்கிய முத்ரா கடனையோ இதற்குத் திருப்புவது அறவே கூடாது. நூல் வாங்கப் பணமின்றித் தறி நின்றால் எக்கடனும் அடையாது.

பாக்கி அடைந்ததும் அட்டையை முடித்துவிடக் கோரி வங்கிக்கு எழுதுக. கோரிக்கை பெற்ற 7 வேலை நாட்களுக்குள் முடிக்காவிடில், நாளொன்றுக்கு 500 ரூபாய் அட்டைதாரருக்கு வங்கி தரவேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கடன் மாற்றுவோர், பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துச் சுமக்கின்றனர்.

“பாதி கட்டினால் போதும், முடித்துத் தருகிறோம்” என்று முன்பணம் கேட்கும் தரகர்களை நம்பற்க. அவ்வாறு குறைத்து முடித்த கணக்கு கடன் அறிக்கையில் தனியே குறிக்கப்படும். பின்னர் கடன் பெறுவது கடினம். தவணையே கட்ட இயலாதோர் வங்கிகள் நடத்தும் நிதிசார் கல்வி மையத்தில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். வங்கிக்கு அளித்த புகாருக்கு 30 நாட்களில் பதில் வராவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், அதற்கும் கட்டணமில்லை.