கட்சி ஒன்று, கொள்கை இரண்டு



"எங்க கட்சி கொள்கை மாறாது" என்று மேடையில் பேசுவார்கள். "எல்லாக் கட்சியும் நேரத்துக்குத் தக்கன மாறிக்கிடும்" என்று டீக்கடையில் பேசுவார்கள். இதில் எது சரி? நம்ம மாவட்டத்தோடு சம்பந்தப்பட்ட ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம்.

1953-ல் சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சி. முதலமைச்சர் ராஜாஜி. எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் கட்ட, வாத்தியார் போட அரசிடம் பணம் போதவில்லை. அதனால் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் புதுத் திட்டம் வந்தது. காலையில் ஒரு பிரிவு, மதியம் ஒரு பிரிவு. ஒரு பிள்ளைக்குத் தினமும் 3 மணி நேரம்தான் பாடம். மீதி நேரம் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும். எதிர்த்தவர்கள் இதைக் 'குலக்கல்வி' என்றார்கள்.

இதை நாரணாபுரத்துக்குப் பொருத்திப் பாருங்கள். காலையில் 'அ, ஆ' எழுதிய கை மதியம் தீப்பெட்டி ஒட்டும். அந்தக் கைக்கு டாக்டர் வேலை எப்படிக் கிடைக்கும்?

1954 ஏப்ரல் 13-ல் விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சர் ஆனார். அடுத்த மாதமே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1956-ல் மதிய உணவும் வந்தது. கட்சி மட்டும் அதே காங்கிரஸ்தான்!

மாற்றத்துக்கு நான் காணும் காரணங்கள் மூன்று:

1. வெளியிலிருந்து எதிர்ப்பு. பெரியாரின் திராவிடர் கழகமும் அண்ணாவின் தி.மு.க.வும் போராடின.

2. உள்ளிருந்து எதிர்ப்பு. காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களிலேயே பலருக்குத் திட்டம் பிடிக்கவில்லை.

3. தலைவரின் அனுபவம். காமராஜர் சின்ன வயதில் அப்பாவை இழந்து, படிப்பை விட்டுக் கடையில் நின்றவர். படிப்பு இல்லாத கஷ்டம் அவருக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தில் நல்லபடியாக மாறிய கட்சி எல்லாவற்றிலும் மாறிவிடும் என்று சொல்ல முடியாது. 1965-ல் இந்தியை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது, அதே காங்கிரஸ் அரசு போலீஸை வைத்து அடக்கியது. அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. 1967 தேர்தலில் ஆட்சி போனது. விருதுநகரில் காமராஜரே 1285 ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன்.

ஆட்சி போனாலும் நல்ல கொள்கை போகவில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். மதிய உணவைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022-ல் மு.க. ஸ்டாலின் அரசு காலை உணவைக் கொண்டுவந்தது. ஒரு கட்சி விட்ட இடத்தில் இன்னொரு கட்சி பிடித்துக்கொண்டது.

இதில் கசப்பான உண்மையும் உண்டு. சென்னையில் கொள்கை மாறிய உடனே நம்ம ஊர் மாறிவிடவில்லை. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தபோதும் சிவகாசிப் பக்கம் பிள்ளைகள் குச்சி அடுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். சட்டம் ஊருக்குள் வந்து சேர, அதிகாரிகள், ஆசிரியர்கள், பெற்றோர் எல்லோரும் இழுக்க வேண்டியிருந்தது.

ஆகவே நண்பர்களே, கொள்கை கல்வெட்டு இல்லை. ஆனால் அது தானாகவும் மாறுவதில்லை. யாரோ கேட்டால்தான் மாறும். 18 வயதில் நாமும் ஓட்டுப் போடுவோம். கொடியின் நிறத்தைப் பார்க்கும் முன்னே ஒரு கேள்வி கேட்போம்: "பிள்ளைகள் படிப்புக்கு நேற்று என்ன செய்தீர்கள்? இன்று என்ன செய்கிறீர்கள்?"

சிந்திப்போம்!