காண்போர் மாண்பு

ஆடுகளத்தில் நின்று ஆடுவோர் சிலர். அதனைச் சூழ இருந்து காண்போர் பலர். கால்பந்தாட்டத்தில் இரண்டு அணிகளிலும் சேர்ந்து இருபத்திரண்டு பேரே ஆடுகின்றனர். அவர்தம் ஆட்டத்தைக் காணப் பல்லாயிரவர் கூடுகின்றனர். ஆடுவோர் ஒழுக வேண்டிய விதிகள் பல உண்டு. அவ்விதிகளை ஒருவர் மீறினால் நடுவர் ஊதலை ஊதி ஆட்டத்தை நிறுத்துவார். மஞ்சள் அட்டை காட்டி எச்சரிப்பார். மேலும் மீறினால் சிவப்பு அட்டை காட்டிக் களத்தினின்றும் வெளியேற்றுவார். காண்போர்க்கோ அத்தகைய நடுவர் எவரும் இலர். அவரவர் நெஞ்சமே அவரவர்க்கு நடுவர். அந்நெஞ்சம் கோணாது நிற்குமாயின் விளையாட்டு மக்களை ஒன்றுபடுத்தும். கோணுமாயின் அதுவே பகைக்கு வித்தாகும்.

நான்காண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி காண்போரின் இயல்பை நன்கு விளக்குவதாகும். போட்டிக்கு வரும் நாடுகளை நான்கு நான்காகக் குழுக்களாகப் பிரிப்பர். ஒரு குழுவில் உள்ள ஒவ்வோர் அணியும் மற்ற மூன்று அணிகளோடும் ஒவ்வொரு முறை ஆடும். வென்றால் மூன்று புள்ளிகள். சமன் செய்தால் ஒரு புள்ளி. தோற்றால் ஒன்றும் இல்லை. புள்ளிகளால் முந்தி நிற்கும் அணிகள் அடுத்த சுற்றுக்குச் செல்லும். இத்தொடக்கப் பகுதியைக் குழுச் சுற்று என்பர். ஆண்கள் உலகக் கோப்பையின் இறுதிச் சுற்றுப் போட்டியில் இந்தியா இதுவரை ஆடியதில்லை. ஆயினும் அப்போட்டி நடைபெறும் நாள்களில், மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் இளைஞர் பலர் உறக்கம் துறந்து தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பர். ஒருவர் அர்ச்சென்டினாவைத் தம் அணி என்பார். மற்றொருவர் பிரேசிலைத் தம் அணி என்பார்.

குழுச் சுற்றில் ஒரு தோல்வி நேர்ந்தால் அதனோடு யாவும் முடிந்துவிடுவதில்லை. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், கத்தார் நாட்டில் நடந்த ஆட்டத்தில் சவூதி அரேபிய அணி அர்ச்சென்டினாவை 2-1 என்னும் கணக்கில் வென்றது. உலகம் வியந்தது. மறுநாளை விடுமுறை நாளாகச் சவூதி அரசு அறிவித்தது. ஆயினும், அவ்வணி அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்றுக் குழுச் சுற்றோடு ஊர் திரும்பியது. தோற்ற அர்ச்சென்டினாவோ டிசம்பர் 18-ஆம் நாள் உலகக் கோப்பையையே வென்றது. ஒரு நாள் வெற்றியால் துள்ளுதலும், ஒரு நாள் தோல்வியால் துவளுதலும் அறிவுடைமை ஆகா என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வுண்மையை மறந்தமையால் விளைந்த கேடு ஒன்று உண்டு. 1994-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெற்றது. தென்னமெரிக்க நாடாகிய கொலம்பியாவின் அணி அங்கே பெரும் புகழோடு சென்றது. ஜூன் 22-ஆம் நாள் அவ்வணி அமெரிக்க அணியை எதிர்த்து ஆடியது. எதிரணியினர் குறுக்காக அடித்த பந்தைத் தடுக்கக் கருதி, ஆந்திரேஸ் எஸ்கோபார் என்னும் காவல் வீரர் பாய்ந்து காலை நீட்டினார். பந்து அவர் காலில் பட்டுத் திரும்பி, அவர் அணியின் கோலுக்குள்ளேயே புகுந்துவிட்டது. கொலம்பியா 2-1 என்னும் கணக்கில் தோற்றது. குழுச் சுற்றோடு போட்டியை விட்டும் நீங்கியது. நாடு திரும்பிய எஸ்கோபார், ஜூலை 2-ஆம் நாள் மெடலின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பிழையைச் சொல்லிச் சிலர் இகழ, அதனால் எழுந்த வாய்ச்சண்டை கொலையில் முடிந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. காக்க நீட்டிய காலே அவர்க்குக் கூற்றாயிற்று. அவர் உடலுக்கு இறுதி மரியாதை செய்யப் பெருந்திரளான மக்கள் கண்ணீரோடு கூடினர். கூடி என் பயன்? போன உயிர் மீளுமோ?

இனி, இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றைக் காண்போம். ஜப்பானிய அணி 1998-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் நடந்த போட்டியில்தான் முதன்முதலாக உலகக் கோப்பைக் களத்தில் இறங்கியது. குழுச் சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் அவ்வணி தோல்வியே கண்டது. எனினும் அந்நாட்டிலிருந்து வந்த காண்போர், ஆட்டம் முடிந்தபின் தாம் அமர்ந்திருந்த இடங்களில் கிடந்த குப்பைகளைத் தாமே பொறுக்கிப் பைகளில் இட்டுச் சென்றனர். அன்று தொட்டு அஃது அவர்க்கு வழக்கமாயிற்று. 2022-ஆம் ஆண்டு கத்தாரில் நடந்த தொடக்க ஆட்டத்தில் கத்தாரும் ஈக்குவடாரும் மோதின. ஜப்பான் ஆடவே இல்லை. அவ்விடத்தும் ஜப்பானியர் சிலர் இருந்து, பிறர் எறிந்த குப்பைகளையும் அகற்றினர். ஜப்பானியப் பள்ளிகளில் மாணவர்களே தம் வகுப்பறைகளைத் தூய்மை செய்வர். இளமையில் கையில் பழகிய ஒழுக்கம், முதுமையிலும் கடல் கடந்த நாட்டிலும் கூடவே செல்கின்றது.

இத்தகைய மாண்பு பிற நாட்டார்க்கே உரியதோ எனின், அன்று. நம் சென்னை மாநகரில், வங்கக் கடலின் கரைக்கு அணித்தாகச் சேப்பாக்கம் விளையாட்டரங்கம் அமைந்துள்ளது. 1916-ஆம் ஆண்டில் தோன்றிய அவ்வரங்கத்தில் ஆடப்படுவது கால்பந்து அன்று, கிரிக்கெட்டே. ஆயினும் காண்போர்க்கு வேண்டிய பண்பு எல்லா ஆட்டங்கட்கும் ஒன்றே. 1952-ஆம் ஆண்டில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கிலாந்துக்கு எதிராகப் பெற்றது இக்களத்திலேதான். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளிலிருந்து தந்தையரும் மைந்தருமாய் வந்து, தலைமுறை தலைமுறையாக ஆட்டம் கண்டு பழகியவர்கள் சென்னை மக்கள். அவர்தம் மாண்பை மூன்று நிகழ்ச்சிகளால் அறியலாம்.

முதலாவது, எளியவரைப் போற்றியது. 2023-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கிரிக்கெட் போட்டியின் தொடக்கச் சுற்றில், அக்டோபர் 23-ஆம் நாள் ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் சேப்பாக்கத்தில் எதிர்நின்றன. போரால் நலிந்து, அகதிகளாய்ப் பாகிஸ்தானில் தங்கியிருந்த காலத்தில் இவ்வாட்டத்தைக் கற்றவர் ஆப்கானிய மக்கள். ஒரு நாள் ஆட்டத்தில் அவர்கள் பாகிஸ்தானை அதுவரை வென்றதே இல்லை. ஐந்து நாள்களுக்கு முன்னர் இதே களத்தில் நியூசிலாந்திடம் 149 ஓட்டங்களால் தோற்றிருந்தனர். அன்றோ, பாகிஸ்தான் எடுத்த 282 ஓட்டங்களை இரண்டே விக்கெட்டுகளை இழந்து கடந்தனர். இப்ராகிம் சத்ரான் 87 ஓட்டங்கள் எடுத்தார். சென்னை மக்கள் தம் நாட்டு அணியே வென்றதுபோல ஆர்ப்பரித்தனர். வென்ற வீரர்கள் களத்தைச் சுற்றி வந்து அவர்களுக்கு நன்றி செலுத்தினர். தன் நாடு ஆடாதவிடத்து எளியவர் பக்கம் நிற்றல் நற்பண்பே. ஆயினும் அஃது அத்துணை அரிய செயல் அன்று.

இரண்டாவது, எதிரணி வீரர் ஒருவரின் ஆற்றலைப் போற்றியது. இந்திய விடுதலையின் பொன்விழாவை ஒட்டி 1997-ஆம் ஆண்டு இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகள் ஆடிய கோப்பைப் போட்டி நடைபெற்றது. ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் ஆட வேண்டும் என்பது அதன் முறை. மே 21-ஆம் நாள், கத்திரி வெயில் காயும் பொழுதில், இந்தியாவும் பாகிஸ்தானும் சேப்பாக்கத்தில் மோதின. பாகிஸ்தானின் சயீத் அன்வர் முதலில் ஆட வந்தார். வெப்பத்தால் அவர் உடல் தளர்ந்தது. தமக்காக ஓட மற்றொரு வீரரைத் துணைக்கொண்டார். ஆயினும் அவர் மட்டை தளரவில்லை. 146 பந்துகளில் 194 ஓட்டங்களைக் குவித்தார். மேற்கிந்தியத் தீவுகளின் விவியன் ரிச்சர்ட்சு 1984-ஆம் ஆண்டு எடுத்த 189 ஓட்டங்களே ஒரு நாள் ஆட்டத்தில் ஒருவர் எடுத்த மிகுதியாக அதுவரை நின்றது. அதனை அன்வர் சேப்பாக்கத்தில் கடந்தார். தம் அணியின் பந்துகள் எல்லைக்கு அப்பால் பறப்பதைக் கண்ட சென்னை மக்கள் வருந்தியிருத்தல் இயல்பே. எனினும் அவர் ஆட்டமிழந்து திரும்பியபோது, அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ராகுல் திராவிட் 107 ஓட்டங்கள் எடுத்துப் போராடியும் இந்தியா 35 ஓட்டங்களால் தோற்றது. அக்கோப்பையின் இறுதி ஆட்டங்களில் பாகிஸ்தானும் இலங்கையுமே மோதின.

மூன்றாவது நிகழ்ச்சியே யாவற்றினும் அரியது. அது கோப்பைப் போட்டியின் குழு ஆட்டம் அன்று. இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய டெஸ்ட் ஆட்டம். 1998-ஆம் ஆண்டு மே மாதத்தில் இரு நாடுகளும் அணுகுண்டுச் சோதனை நடத்தியிருந்தன. இரு நாட்டார் நெஞ்சிலும் ஐயம் குடிகொண்டிருந்தது. 1987-ஆம் ஆண்டுக்குப்பின் பாகிஸ்தான் அணி இந்திய மண்ணில் டெஸ்ட் ஆட்டம் ஆடியதே இல்லை. 1999-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவ்வணி வருவதாயிற்று. அதனை எதிர்த்தோர் தில்லியில் ஆடுகளத்தையே தோண்டிச் சிதைத்தனர். அதனால் முதல் ஆட்டம் சென்னைக்கு மாற்றப்பட்டது. சென்னையில் என்ன நிகழுமோ என்று நாடே கவலையோடு நோக்கியது.

சனவரி 28-ஆம் நாள் ஆட்டம் தொடங்கியது. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இந்தியா வெற்றி பெற வேண்டிய ஓட்டங்கள் 271. ஆனால் 82 ஓட்டங்களுக்குள் ஐந்து விக்கெட்டுகள் சரிந்தன. இந்நிலையில் சச்சின் டெண்டுல்கரும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ஓட்டங்களைச் சேர்த்தனர். முதுகு வலியால் துடித்தும் டெண்டுல்கர் மட்டையைக் கீழே வைக்கவில்லை. அவர் ஒவ்வோர் ஓட்டம் எடுக்கும்போதும் அரங்கம் முழங்கியது. இன்னும் 17 ஓட்டங்களே வேண்டும். கையில் நான்கு விக்கெட்டுகள் இருந்தன. அந்நேரத்தில் சக்லைன் முஷ்டாக் எறிந்த பந்தை டெண்டுல்கர் உயர அடித்தார். அணித்தலைவர் வாசிம் அக்ரம் அதனைப் பிடித்தார். டெண்டுல்கர் எடுத்த ஓட்டங்களும் 136. அவருக்குப்பின் வந்தோரால் நான்கு ஓட்டங்களே சேர்க்க முடிந்தன. 258 ஓட்டங்களில் இந்தியாவின் ஆட்டம் முடிந்தது. பாகிஸ்தான் 12 ஓட்டங்களால் வென்றது.

கடல்போல் முழங்கிய அரங்கம் ஒரு கணம் அடங்கியது. கைக்கு எட்டிய கனி வாய்க்கு எட்டாத துயரம் ஒவ்வொரு முகத்திலும் படர்ந்தது. அத்துயரம் சினமாக மாறியிருக்கலாம். கல்லாகவும் புட்டியாகவும் களத்தில் விழுந்திருக்கலாம். ஈராண்டு பத்துத் திங்களுக்கு முன்னர், 1996-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆம் நாள், கல்கத்தாவில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் அவ்வாறே நிகழ்ந்தது. ஆட்டம் இடையில் நிறுத்தப்பட்டு, வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. சேப்பாக்கத்தில் அது நிகழவில்லை. அமர்ந்திருந்தோர் எழுந்தனர். ஒரு புறத்தில் தோன்றிய கையொலி அரங்கம் எங்கும் பரவியது. தம்மை வென்றவரைத் தோற்ற நாட்டார் எழுந்து நின்று வாழ்த்தினர். அதனை எதிர்பாராத பாகிஸ்தான் வீரர்கள் ஒன்றுகூடி, களத்தைச் சுற்றி ஓடி, அவ்வாழ்த்தை ஏற்றனர். கண்ணீரும் கையொலியும் ஒருங்கே தோன்றிய காட்சி அது. அன்று களத்தில் வென்றது பாகிஸ்தான். களத்துக்கு வெளியே வென்றது சென்னை.

எதிரியைப் போற்றுதல் நாட்டுப்பற்றுக்கு இழுக்கன்றோ என்று வினவுவார் உளர். தன் அணி வெல்ல வேண்டும் என விரும்புதல் நாட்டுப்பற்று. அன்று சேப்பாக்கத்தில் கூடியிருந்தோர் நெஞ்சில் அவ்விருப்பம் நிறைந்தே இருந்தது. அவ்விருப்பம் நிறைவேறாதபோதும் உண்மையை உண்மை என ஒப்புக்கொள்ளுதல் நேர்மை. நேர்மையற்ற பற்று வெறியாகும். நேர்மையுள்ள பற்றே நாட்டுக்குப் பெருமை தரும். எதிரியின் திறத்தை இகழ்வோன், அத்திறத்தோடு போராடிய தன் வீரனையும் இகழ்ந்தவன் ஆவான். சக்லைன் சிறந்த வீரர் என்பதை ஒப்புக்கொண்டாலன்றோ, அவரை எதிர்த்து நின்ற டெண்டுல்கரின் அருமை விளங்கும்?

இப்பண்பு தமிழர்க்குப் புதிதன்று. சோழன் கரிகாலன் வெண்ணிப் போர்க்களத்தில் சேரமான் பெருஞ்சேரலாதனை வென்றான். மார்பில் புகுந்த படைக்கலம் முதுகிலும் புண் செய்தமைக்கு நாணி, சேரன் வடக்கிருந்து உயிர் நீத்தான். அவ்வெண்ணியில் வாழ்ந்த குயவர் குலப் பெண்பாற் புலவர் வெண்ணிக்குயத்தியார், வென்ற கரிகாலன் முன்னிலையிலேயே பாடினார். வென்ற நின்னைக் காட்டிலும், புகழ் கருதி உயிர் துறந்த அவன் நல்லவன் அல்லனோ என்று வினவினார். அப்பாட்டு புறநானூற்றில் இன்றும் உள்ளது. வெற்றிக் களிப்பில் இருந்த நாட்டிலிருந்தே தோற்றவனைப் போற்றும் குரல் எழுந்தது அன்று. தோல்வித் துயரில் இருந்த நகரிலிருந்தே வென்றவரைப் போற்றும் ஒலி எழுந்தது பிற்காலத்தில். இரண்டும் ஒரே நெஞ்சத்தின் இரு வெளிப்பாடுகள்.

ஆட்டத்தில் வெல்வதும் தோற்பதும் ஆடுவோர் திறத்தையும் அன்றைய நிலையையும் பொறுத்தவை. அவற்றைக் காண்போர் மாற்ற இயலாது. மாண்போடு காண்பதோ முற்றிலும் காண்போர் கையில் உள்ளது. பள்ளி மைதானத்தில் நடக்கும் சிறு ஆட்டமாயினும், உலகம் நோக்கும் பெரும் போட்டியாயினும், எதிரணியின் நல்ல ஆட்டத்திற்கு எழும் கையொலியே அவ்விடத்து மக்களின் தகுதியை அளக்கும் கோலாகும்.