மணல் எங்கே போனது?

கேள்வி: சிறிய தொண்டு அமைப்புகளுக்கு ஆய்வெல்லாம் எதற்கு? அந்தப் பணத்தில் நாலு பேருக்குச் சோறு போடலாமே?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: சோறு போடுவது பெரிய காரியம்தான். 1962-இல் பெல்ஜியப் பெண்மணி ஒருவர் புதுச்சேரியில் தொடங்கிய 'வொலோந்தாரியா' ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் தொழுநோயாளிகளுக்கும் செய்த தொண்டை யார் மறுப்பார்கள்?

ஆனால், படகை ஏற்றக் கரையே இல்லாமல் நிற்கும் வைத்திக்குப்பம் மீனவருக்கு அரிசி மூட்டை மட்டும் போதாது. கரை ஏன் போனது என்று யாராவது கண்டு சொல்ல வேண்டும். அதைத்தான் 'பாண்டிகேன்' என்ற குடிமக்கள் அமைப்பு கையில் எடுத்தது.

1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. இந்தக் கடற்கரையில் மணல் ஆண்டுக்கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரத்துக் கரை அரித்துப் போனது. கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே, தமிழகத்து மீனவக் கிராமங்களுக்குத் தாவியது. இதைத் திரட்டி, படமாகவும் எடுத்து, மக்களுக்குப் புரியவைத்தது அந்தச் சிறிய அமைப்பு.

பிறகு தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைக்க, ஒரு பகுதியில் மணல் திரும்பியது.

நன்கொடை தரும்போது ஆய்வுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.