பிடித்த மீனைத் திருப்பி விடும் முறை

கடலிலும் ஆற்றிலும் வாழும் மீன்களை அல்லாஹ் நமக்கு ஹலாலான உணவாக ஆக்கியிருக்கிறான். அதை அறுக்க வேண்டியதில்லை. இஹ்ராம் கட்டியவருக்குத் தரை வேட்டை விலக்கப்பட்ட நிலையிலும் கடல்வேட்டை ஆகுமாக்கப்பட்டிருப்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனத்தில் காண்கிறோம். ஆகவே, உண்பதற்காகவோ விற்பதற்காகவோ மீன் பிடிப்பதில் எந்தக் குறையும் இல்லை.

ஆயினும், பிடித்த மீன்கள் எல்லாவற்றையும் நாம் வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. குஞ்சாக இருந்தால் விட்டுவிடுகிறோம். பிடிக்கக் கூடாதென்று சட்டம் தடுத்த இனம் தூண்டிலில் ஏறிவிட்டாலும் விட்டுவிட வேண்டியிருக்கிறது. "தண்ணீரில் போட்டுவிட்டோம், அது பிழைத்துக் கொள்ளும்" என்று எண்ணி, புண்ணியம் செய்த திருப்தியோடு திரும்புகிறோம். அந்த மீன் மெய்யாகவே பிழைத்ததா? இதை நம்மில் பலர் சிந்திப்பதில்லை.

மார்க்கம் காட்டும் வழி

ஒரு பிரயாணத்தின்போது ஸஹாபாக்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை தவித்துச் சிறகடித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளை அதனிடமே திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்கள். இச்செய்தி அபூதாவூத் கிரந்தத்தில் வந்துள்ளது. எடுத்ததைத் திருப்பி விடுவதற்கு இதில் அழகிய முன்மாதிரி இருக்கிறது. குஞ்சுகள் உயிரோடும் ஊனமின்றியும் தாயிடம் சேர்ந்தால்தானே அந்தத் திருப்புதலுக்குப் பொருள் உண்டு!

அறுக்கும்போதுகூடப் பிராணிக்கு வேதனை குறையும்படி செய்ய வேண்டுமென்றும், எச்செயலையும் செம்மையாகச் செய்வது கடமையென்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். உயிருள்ளதை எய்து பழகும் இலக்காக ஆக்குவதையும் அவர்கள் தடுத்தார்கள். தேவையின்றி வெறும் விளையாட்டுக்காக வேட்டையாடுவது மக்ரூஹ் என்று ஃபுகஹாக்கள் கூறுவதும் இக்கருத்தையே ஒட்டியது. எனவே, விடுவதற்கென்றே மீனைப் பிடித்து, அதன் துடிப்பைக் கண்டு மகிழ்வதை நாம் பழக்கமாக்கிக் கொள்ளலாகாது. சுவிட்சர்லாந்து நாட்டிலும், விடும் எண்ணத்தோடேயே மீன் பிடிப்பதைச் சட்டம் தடுத்திருக்கிறது.

மீனுக்கு நேர்வது என்ன?

தூண்டிலில் சிக்கிய மீன் தன் பலமனைத்தையும் கொண்டு போராடுகிறது. அதனால் தசைகளில் அமிலம் சேர்ந்து, அது மூச்சுக்குத் திணறுகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் நாம் அதைத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்குகிறோம். செவுளின் மெல்லிய இதழ்கள் நீரில் விரிந்து நிற்பவை. காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்கின்றன. ஓடிக் களைத்தவனின் வாயையும் மூக்கையும் பொத்தியதற்கு இது ஒப்பாகும்.

கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் 1992ல் ட்ரவுட் மீன்களை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். களைக்கும்வரை விரட்டி, வெளியே எடுக்காமல் விட்டவற்றில் நூற்றுக்கு 12 இறந்தன. களைத்தபின் 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் நூற்றுக்கு 38 இறந்தன. ஒரு நிமிடம் வைத்தவற்றிலோ நூற்றுக்கு 72 இறந்துபோயின. எல்லா மீனுக்கும் இதே கணக்கு என்று கொள்ளலாகாது. விராலும் பனையேறிக் கெண்டையும் காற்றையும் சுவாசிக்க வல்லவை. எனினும் பெரும்பாலான மீன்களுக்கு ஒவ்வொரு விநாடியும் ஆபத்தே. நீந்திச் சென்றதைக் கண்டு நாம் ஏமாந்துவிடக் கூடாது. சில மணி நேரம் கழித்து அது இறப்பதும் உண்டு.

கவனிக்க வேண்டியவை

1. தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். அப்போது முள் எளிதில் கழன்று வரும், காயமும் சிறிதாகும்.

2. மீனை நெடுநேரம் ஓடவிட்டுக் களைக்கச் செய்யாமல் விரைவில் கரைக்கு இழுக்க வேண்டும். அதற்கேற்ற வலுவான நரம்பைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

3. கையை நனைத்துக் கொண்டே மீனைத் தொட வேண்டும். மீனின் மேலுள்ள வழுவழுப்பு, நோய்க் கிருமிகளிலிருந்து அதைக் காக்கும் போர்வையாகும். உலர்ந்த கையும், துணியும், சுடுமணலும், பாறையும் அதை உரித்து எடுத்துவிடும்.

4. கூடியவரை தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்ற வேண்டும். வெளியே எடுத்தே ஆக வேண்டுமாயின், எடுக்கும்போதே நம் மூச்சையும் அடக்கிக் கொள்வோம். நமக்கு மூச்சு முட்டுவதற்குள் மீன் தண்ணீருக்குத் திரும்பிவிட வேண்டும். படம் எடுப்பதற்காக அதைத் தூக்கிப் பிடித்துக் கொண்டிருப்பது வேண்டாம்.

5. செவுளுக்குள் விரலை விடலாகாது. தாடையைப் பிடித்துத் தொங்கவிடவும் கூடாது. ஒரு கையால் வாலின் அடியையும், மறு கையால் வயிற்றையும் தாங்கிக்கொள்ள வேண்டும்.

6. முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால், பிடுங்கி எடுக்க முயலக் கூடாது. நரம்பை வாயருகே வெட்டிவிடுவதே நலம். பிடுங்குவது குடலையும் செவுளையும் கிழித்துவிடும்.

7. தண்ணீருக்குள் வீசி எறியலாகாது. நிமிர்ந்த நிலையில், தலை நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். வாலை உதறித் தானே கையைவிட்டுப் போகும்வரை பொறுத்திருப்போம்.

8. கோடையின் நடுப்பகலில் பிடித்து விடுவதைத் தவிர்ப்போம். நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைகிறது.

ஆழ்கடலில் பிடிப்போர் இன்னொன்றும் அறிய வேண்டும். 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரும் மீனின் காற்றுப்பையிலுள்ள காற்று, அழுத்தம் பாதியாவதால் இரு மடங்காக விரிகிறது. வயிறு உப்பிய மீன் கீழே போக முடியாமல் மிதந்து மடியும். எடை கட்டிய கயிற்றால் அதைப் பழைய ஆழத்திற்கு இறக்கிவிடும் சாதனங்கள் இருக்கின்றன.

எங்கே விடுவது? எதை விடுவது?

பிடித்த இடத்திலேயே விட வேண்டும். விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாக வைத்துக் காவல் காக்கும் மீன். அந்நேரத்தில் தாய் தகப்பன் இல்லாமற்போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். மேலே சொன்ன பறவையை இங்கே நினைவு கூர்வோமாக!

இவ்வளவு செய்தும், செவுள் கிழிந்து இரத்தம் கொட்டும் மீன் பிழைப்பது அரிது. வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருமாயின், அதை உணவாக்கிக் கொள்வதே முறை. அது ஹலாலான உணவு, வீணாக வேண்டியதில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி போன்ற வெளிநாட்டு மீன்களையோ இரக்கப்பட்டு ஆற்றில் விடுவது தவறு. அவை நம் மீன்களையும் குஞ்சுகளையும் தின்று பெருகும்.

அருகிவரும் இனமாயின் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். காவிரியின் கூன்முதுகு மஹ்சீர் கெண்டை இனத்தைச் சேர்ந்த பெரிய மீன். 1946ல் கபினி ஆற்றில் 120 இராத்தல் எடையுள்ள ஒன்று பிடிபட்டது. அதே இனம் 2018ல் அற்றுப்போகும் அபாயத்தின் உச்சத்தில் இருப்பதாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நீலகிரியை ஒட்டி ஓடும் மோயாற்றில் இன்னும் எஞ்சியிருக்கிறது. இத்தகைய மீன் தற்செயலாகச் சிக்கினால், அந்த ஒன்று பிழைப்பதுங்கூட ஓர் இனத்தின் பிழைப்புக்கு உதவும்.

பெற்றோர்களே! விடுமுறை நாட்களில் நம் பிள்ளைகள் குளக்கரைக்குத் தூண்டிலோடு போகிறார்கள். தேவைக்கு மேல் பிடிக்கலாகாதென்றும், விடுவதாயின் பிழைக்கும்படி விட வேண்டுமென்றும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். நம் கையிலிருக்கும் அந்தச் சில விநாடிகள் அதன் உயிர் நம்மிடம் அமானிதம். வாயில்லா ஜீவன்களிடம் கருணையோடு நடக்க வல்ல அல்லாஹ் நம்மனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.