சுவர்கள் சொல்லும் சேதி

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் உள்ள ஆர்மேனியன் தெருவுக்கு விடுமுறை நாளில் சென்றால் ஒரு சுவரின் முன் மக்கள் வரிசை பிடித்து நிற்பதைக் காணலாம். அச்சுவரில் ஒரு சிறுமி மிதிவண்டி ஓட்டுகிறாள். பின்னால் அமர்ந்திருக்கும் சிறுவன் அவளை இறுகப் பற்றியிருக்கிறான். பிள்ளைகள் இருவரும் ஓவியம், மிதிவண்டியோ உண்மையானது. வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராக முன்னே வந்து, மிதிவண்டியைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டு நகர்கின்றனர். சில நிமிடங்களில் அப்படங்கள் முகநூலிலும் படவரியிலும் வலம் வருகின்றன. ஆனால், அச்சுவர் என்ன சொல்கிறது என்று அவர்களுள் எத்தனை பேர் நின்று கேட்டிருப்பர்?

இந்தச் சுவரோவியத்தைத் தீட்டியவர் லித்துவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் சக்கரேவிச். 2012ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் கலைவிழாவுக்காக அவர் நகரின் பழைய சுவர்களில் ஓவியங்களை வரைந்தார். ஆ குவீ தெருவில் பழைய மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருக்கும் சிறுவனும் அவர் படைப்பே. உண்மைப் பொருளையும் ஓவியத்தையும் இணைத்தது இவற்றின் சிறப்பு. உருவங்கள் கண்மட்டத்தில் இருப்பதால் பார்ப்பவர் எளிதாக அருகில் சென்று ஓவியத்தின் ஒரு பகுதியாகிவிடலாம். இந்த வடிவமைப்பே இவ்வோவியங்களைத் திறன்பேசியின் வழி உலகெங்கும் கொண்டு சென்றது.

ஓவியத்தின் பொருளை அறிய அது இருக்கும் தெருவின் கதையை அறிய வேண்டும். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் பல தலைமுறைகளாகக் குடும்பங்கள் குறைந்த வாடகையில் வாழ்ந்து வந்தன. 1948ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகை உயராதவாறு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்து வந்தது. அச்சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு முதல் வாடகை உயர்ந்ததும் பல குடும்பங்கள் வேறு இடம் தேடிச் சென்றன. 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ, மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. நகருக்குப் பெருமை வந்தது, சுற்றுப்பயணிகளும் வந்தனர். குடியிருந்த வீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. ஒரு காலத்தில் இத்தெருக்களில் பிள்ளைகள் விளையாடினர். இன்று சுவரில் இருக்கும் பிள்ளைகள் என்றும் போகாமல் இருக்கின்றனர். தெருவில் விளையாடிய பிள்ளைகளோ குறைந்துவிட்டனர். ஓவியர் இதை எண்ணி வரைந்தாரோ இல்லையோ, அங்கு நின்று பார்ப்பவருக்கு அச்சுவர் இதையும் சொல்கிறது.

சமூகத்தைப் பற்றிப் பேசும் கலை ஜார்ஜ்டவுனுக்கு இவ்வோவியங்களோடுதான் வந்தது என்று கருத வேண்டாம். அதற்கு முன்பே, 2009ஆம் ஆண்டு, பினாங்கு மாநில அரசு ஒரு வடிவமைப்புப் போட்டியை நடத்தியது. அதன் பயனாக நகரின் சுவர்களில் 52 இரும்புக் கம்பிச் சித்திரங்கள் அமைக்கப்பட்டன. கேலிச்சித்திரக் கலைஞர்களின் கோடுகள் கம்பிகளாக வளைந்து, தெருவின் வரலாற்றைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கின்றன. புகழ்பெற்ற காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் பழகிய இடத்தை ஒரு சித்திரம் காட்டுகிறது. சீனச் செல்வர்களின் வீடுகளில் சமையல், துணி துவைத்தல், பிள்ளை பராமரிப்பு என எல்லா வேலைகளையும் ஒருவராகவே செய்த பணிப்பெண்களின் பாட்டை மற்றொரு சித்திரம் நினைவூட்டுகிறது. நகைச்சுவைக்குள் உழைப்பாளியின் பெருமூச்சும் கேட்கிறது.

நம்மவர் முகமும் இந்நகரின் சுவரில் இடம்பெற்றது. ரஷ்ய ஓவியர் யூலியா வோல்ச்கோவா இந்தியப் படகோட்டி ஒருவரைப் பெரிய சுவரோவியமாகத் தீட்டினார். கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கும் பயணிகளும் ஏற்றிச் சென்ற இந்தியப் படகோட்டிகள் இத்துறைமுகத்தை இயக்கியவர்கள். வரலாற்று நூல்களில் பெயர் இடம்பெறாத அவர்களை அச்சுவர் நினைவூட்டியது. 2013ஆம் ஆண்டு, தெருவில் கைவிடப்பட்ட விலங்குகளுக்காகக் கலைஞர்கள் சிலர் பூனைகளைச் சுவர்களில் வரைந்தனர். அழகிய பூனைகளைக் கண்டு நின்றவர்கள், பசியோடு திரியும் உண்மைப் பூனைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம்.

கலையின் கருத்து எல்லாருக்கும் இனிப்பதில்லை. 2013ஆம் ஆண்டு நவம்பரில் சக்கரேவிச் ஜொகூர் பாருவில் ஒரு சுவரோவியம் தீட்டினார். விளையாட்டுப் பொம்மை வடிவில் ஒரு பெண் கைப்பையோடு நடந்து வருகிறாள். சுவரின் மூலைக்கு அப்பால் கத்தியோடு ஒருவன் பதுங்கி நிற்கிறான். நகரின் குற்றச் செயல்களைப் பற்றிய விமர்சனம் அது. நகரின் நற்பெயர் கெடும் என்று சிலரும், உண்மையைத்தானே சொல்கிறது என்று வேறு சிலரும் வாதிட்டனர். மாநகர் மன்றம் விரைவிலேயே அதற்கு வெள்ளையடித்தது. ஆனால், படம் அதற்குள் சமூக ஊடகங்களில் பரவிவிட்டது. பலர் அதைப் பகிர்ந்தனர். அதன் நகல்கள் நாட்டின் வேறு இடங்களிலும் தோன்றின. சுவரில் சில நாள்களே இருந்த ஓவியம், மக்களின் பேச்சில் நீண்ட நாள் இருந்தது.

இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஜொகூர் பாருவில் பகிர்ந்தவர்கள் ஓவியத்தின் கருத்தைப் பகிர்ந்தனர். ஜார்ஜ்டவுனில் பகிர்பவர்களில் பலர் தங்கள் முகத்தைப் பகிர்கின்றனர், ஓவியம் பின்னணியாகிவிடுகிறது. கருவி ஒன்றே, பயன்படுத்தும் மனமே வேறு. இதற்கு விலையும் உண்டு. ஓயாமல் தொடும் கைகளால் வண்ணம் தேய்கிறது. ஐந்தடி நடைபாதையில் கூட்டம் நிறைந்தால், அங்கு வாழ்பவர் தம் வீட்டு வாசலிலேயே வழி கேட்டு நிற்க வேண்டியதாகிறது.

படம் எடுப்பது தவறன்று. எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று பார்ப்பதே ஓவியத்திற்கு நாம் தரும் மரியாதை. இதை வரைந்தவர் யார்? இது யாரைப் பற்றிப் பேசுகிறது? இந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள் இப்போது எங்கே? இவற்றின் விடையையும் படத்தோடு சேர்த்துப் பகிர்ந்தால், அதைக் காண்பவரும் சுவரின் சேதியைக் கேட்பார். வண்ணம் வெயிலிலும் மழையிலும் மங்கலாம்; கேட்கப்பட்ட சேதி மங்காது.

கருத்துணர் வினாக்கள்

1. சக்கரேவிச்சின் சுவரோவியங்கள் திறன்பேசியின் வழி எளிதில் பரவியதற்கான காரணங்கள் இரண்டனைக் குறிப்பிடுக.
2. ‘சுவரில் இருக்கும் பிள்ளைகள் என்றும் போகாமல் இருக்கின்றனர்’ என்னும் தொடரின் வழி ஆசிரியர் உணர்த்துவது யாது?
3. ஜொகூர் பாரு சுவரோவியத்திற்கு வெள்ளையடித்தது சரியா? உமது கருத்தைத் தக்க காரணங்களுடன் எழுதுக.
4. உமது வட்டாரத்தில் உள்ள ஒரு சுவரோவியத்தை அல்லது சிற்பத்தைப் பார்வையிட்டு, அது சமூகத்திற்குச் சொல்லும் சேதியை ஒரு பத்தியில் எழுதுக.